சவரக்கடைக் கடல்

கிலிஃபியில் படகுத்துறைக்கு இறங்கும் சாலையில் ஃபமாவ் ஷீ சவரக்கடை வைத்திருக்கிறான். நாற்காலி ஒன்று, பெஞ்சு ஒன்று, கண்ணாடி மூன்று. ஒரு நாற்காலிக்கு மூன்று கண்ணாடி எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒன்று வாடிக்கைக்காரனுக்கு. இரண்டாவதில் வாசல் தெரியும். மூன்றாவதில் எதிர்ப்பக்கம் இருக்கும் தாஹாவின் சவரக்கடை தெரியும், அங்கே யார் நுழைகிறார்கள் என்பது உட்பட.

ஃபமாவ் சந்தேகப் பிராணி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதைச் சொன்னபடி எழுதினவன். சந்தேகப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இருந்தது.

ஃபமாவ் வடக்கே ஃபாசாத் தீவில் பிறந்தவன். கொள்ளைக்காரர்கள் ஊருக்குள் புகுந்த காலத்தில் அவன் தாய் அவனையும் ஒரு தையல் இயந்திரத்தையும் படகில் ஏற்றிக்கொண்டு தெற்கே வந்தாள். மாலிந்தியில் இறங்கும்போது இயந்திரம் இல்லை. நடுக்கடலில் ஓடுகிற படகிலிருந்து தையல் இயந்திரம் எப்படிக் காணாமல் போகும் என்று அவன் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் படகில் வந்த குடும்பங்களின் பெயர்கள் அவனுக்கு மனப்பாடம். மாலிந்தியில் ஏமன்காரர் ஒருவரிடம் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டு கிலிஃபிக்கு வந்து கடை போட்டான். கல்யாணமும் செய்துகொண்டான். மாவு டப்பாவின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைப்பான் என்றும், சாயங்காலம் வந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பான் என்றும் அவன் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள். "போலீஸ்காரனக் கட்டியிருந்தா ராத்திரி டூட்டிக்காச்சும் போயிருப்பான். இவனுக்கு வீட்டுலயே டூட்டி" என்று சொல்லிவிட்டுத் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

ஃபமாவ் சந்தேகப்படாத ஆள் ஒருவன் உண்டு. கோம்போ பக்காரி. கடலில் முங்கி, பவளப்பாறை இடுக்குகளில் இருக்கும் வண்ண மீன்களைக் கைவலையில் பிடித்து ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறவன். இருவரும் ஒரே வயது. கடைச் சாவி இரண்டில் ஒன்று கோம்போவிடம் இருந்தது. நட்புக்கு ஃபமாவ் விஷயத்தில் இதைவிடப் பெரிய அத்தாட்சி கேட்கக் கூடாது.

தாஹா கடையில் சுவர் அகலத்துக்கு டிவி வந்தபோதுதான் இந்த விவகாரம் ஆரம்பித்தது. பந்தாட்டம் நடக்கும் நாட்களில் ஃபமாவின் பெஞ்சு காலியாகிவிடும். அந்தச் சமயத்தில் கடற்கரையில் விடுதி நடத்திய ஓர் இத்தாலியக் கிழவி தன் நாட்டுக்கே திரும்பினாள். அவள் விட்டுப்போன சாமான்களில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது, ஒரு ஆள் படுக்கிற நீளத்தில். ஃபமாவ் அதைத் துக்துக் ஆட்டோவில் குறுக்காக வைத்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, வீதியெல்லாம் பார்க்கக் கொண்டுவந்தான்.

"என்ன ஃபமாவ், குளிப்பாட்டி விடுறதும் இனிமே உன் வேலையா?" என்று தாஹா எதிர்ப்பக்கமிருந்து கத்தினான்.

"மீன் வளக்கப் போறேன். கடல் மீன்."

பெஞ்சு சிரித்தது. "கடல் அந்தா இருக்கு, நூறு எட்டு நடந்தா" என்றான் ஒருவன். "மீன் பாக்கணும்னா நாங்க சட்டியில பாத்துக்குறோம்ணே. எண்ணெய் எப்ப காய வெப்பீங்க, அத மட்டும் சொல்லுங்க" என்றான் இன்னொருவன்.

கோம்போ மட்டும் சிரிக்கவில்லை. தொட்டியைச் சுற்றி வந்து மூலை ஒட்டுகளைத் தடவிப் பார்த்தான்.

"தண்ணி நான் கொண்டாறேன், பவளப்பாறைக்கு வெளிய, ஆழக்கடல்ல இருந்து. மொதல்ல கடல்பாறைத் துண்டு மட்டும் போடுவோம். மீன் அப்புறம்."

"அப்புறம்னா எப்ப?"

"பாறையில பழுப்பா படியும். கொஞ்சம் நாறும். அப்புறம் அதுவா அடங்கும். அடங்குனப்புறம்."

"நாத்தம் புடிக்கவா இவ்ளோ தூரம் சொமந்து வந்தேன்?"

"டேய், மீன் இருக்குற எடத்துலயேதான் கழியும். அந்தக் கழிவத் திங்குற பூச்சி பாறையில இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அது பெருகணும். பெருகாம மீன உட்டா அது மூத்திரத்துலயே அது செத்துப்போகும். கம்பெனித் தொட்டிங்கள்ல இப்படித்தான் செய்யுறாங்க."

ஃபமாவ் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம், பெரியவரே. கேட்டீங்களா?" ஆனால் காத்திருந்தான். பாறை பழுப்பேறியது, நாறியது, அடங்கியது. வாடிக்கைக்காரர்கள் வெறும் பாறையையும் குமிழி விடும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டு முடி வெட்டிக்கொண்டார்கள்.

பிறகு கோம்போ மீன் கொண்டுவந்தான். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. அவை ஒளிந்துகொள்ள விரல் விரலாக ஆடும் கடல்பூ ஒன்று. மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் சிவப்பு இறால் ஒன்று. நீல நிறத்தில் விரல்நீள மீன்கள் சில. பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, நிதானமாக அவற்றை விட்டான். அன்று கடை வாசலில் நிற்க இடமில்லை. கடலோரத்தில் பிறந்து, மீனைத் தட்டில் மட்டும் பார்த்த பெரிய மனிதர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தாஹாவின் டிவியில் பந்து தானாக உருண்டுகொண்டிருந்தது.

வடகிழக்கிலிருந்து வீசும் கஸ்காசிக் காற்று தொடங்கிக் கடல் தெளிந்ததும் கோம்போ வழக்கம்போல் தெற்கே ஷிமோனிப் பக்கம் முங்கப் புறப்பட்டான். கிளம்புகிற காலையில் கடைக்கு வந்து நின்றபடியே சொன்னான். அப்போது நான் நாற்காலியில் இருந்தேன். அவன் சொன்னது இது:

"வாரா வாரம் ரெண்டு கேன் அளவு தண்ணிய வெளிய எடுத்துட்டு, அதே அளவு உப்புத் தண்ணி ஊத்து. சூட்டுல காஞ்சு வத்துன அளவுக்கு மட்டும் நல்ல தண்ணி. மாத்திப்புடாத."

"தெரியும் போடா" என்றான் ஃபமாவ்.

தோயா எங்கள் தெருவுக்குக் கைவண்டியில் மஞ்சள் கேன்களில் தண்ணீர் கொண்டுவருகிறவன். ஃபமாவ் அவனைக் கூப்பிட்டு, வழக்கமான நல்ல தண்ணீரோடு வெள்ளிக்கிழமைதோறும் கூடுதலாக இரண்டு கேன் உப்புத் தண்ணீர் வேண்டும் என்றான். தோயா தலையாட்டினான். வந்த தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. "கோம்போ கொண்டாந்ததுல தூசியும் துரும்பும் மெதக்கும். இதப் பாருங்க, எவ்ளோ சுத்தம்" என்று ஃபமாவ் பெருமைப்பட்டான்.

முதலில் செத்தது இறால். ஒரு காலை அது கவிழ்ந்து கிடந்தது. பிறகு கடல்பூ சுருங்கிச் சளிபோல் ஆகி, பாறையைவிட்டு உரிந்து விழுந்தது. வீடிழந்த கோமாளி மீன்கள் மூலையில் நின்று வேகவேகமாக மூச்சு வாங்கின. அவையும் போயின. நீல மீன்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மிதந்தன.

ஃபமாவ் அவன் பாணியில் விசாரணையைத் தொடங்கினான். சவரத்துக்குப் பிறகு கழுத்தில் தடவும் ஸ்பிரிட்டைத் தொட்டிக்கு அருகில் திறப்பதை நிறுத்தினான். அத்தர் பூசி வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "வேட்டி, சட்டை எல்லாம் வாசனையா இருக்கே, வெளிய ஒக்காருங்க" என்றான். ஒரு நாள் தாஹா மீன் பார்க்க வந்து தொட்டியின் மேல் குனிந்து நின்றான். அவன் போனதும் ஃபமாவ் தண்ணீரை முகர்ந்து பார்த்தான். மறுநாள் தொட்டிக்கு மரப்பலகையில் மூடி வந்தது. மூடிக்குச் சங்கிலி வந்தது. சங்கிலிக்குப் பூட்டு வந்தது. பூட்டின் மேல் ஒரு துணி வந்தது, கண்பட்டுவிடாமல் இருக்க.

"ஏண்ணே, மீன் இருக்கா உள்ள, இல்ல ஜனாஸாவுக்குப் பொணம் வெச்சிருக்கீங்களா?" என்று பெஞ்சில் கேட்டார்கள்.

மூடியும் பூட்டும் போட்ட பிறகும் மீன் செத்தது. அப்போதுதான், முன்பு ஏதோ கம்பெனியில் மீன்களைப் பையில் கட்டும் வேலை செய்த ஒருவன், முடி வெட்டிக்கொண்டே சொன்னான்:

"வெளிய இருந்து ஒண்ணும் வரலண்ணே. மீனுக்குள்ளயே இருந்திருக்கும். சிலபேர் விஷச்செடிச் சாறு, மருந்து ஏதாச்சும் பாறை இடுக்குல பீச்சி மீன மயக்கிப் புடிப்பாங்க. கையில அள்ளிடலாம், வேல சுலபம். பாக்க ஜோரா இருக்கும். திங்கும், ஓடும். கொஞ்ச நாளாச்சுன்னா ஈரல் அழுகிச் சாவும்."

ஃபமாவின் கத்தரி நின்றுவிட்டது. நான் அவன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். பக்கத்தில் யாரும் வராத ஒரு வீட்டுக்குள் திருடன் எப்படி வந்தான் என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, சாவி யாரிடம் இருந்தது என்று ஞாபகம் வந்த மாதிரி இருந்தது.

"இந்த வருஷம் கோம்போ நிறையத்தான் புடிச்சான்" என்றான், யாருக்கும் என்று இல்லாமல்.

"யாரு, என்ன புடிச்சான்னு எனக்குத் தெரியாது" என்று அந்த ஆள் உடனே நழுவினான். "நான் பொதுவாச் சொன்னேன்."

நான் ஃபமாவிடம் சொன்னேன், அவன் பொதுவாகத்தான் சொன்னான் என்று. ஃபமாவ் கேட்கவில்லை. அன்று மாலை படகுத்துறைக் குழுத் தலைவரிடம் போய், கோம்போ விஷம் வைத்து மீன் பிடிக்கிறான், என் தொட்டியே சாட்சி என்று சொல்லிவிட்டான்.

எங்கள் துறையில் இதைவிடப் பெரிய பழி கிடையாது. விஷம் வைத்தவனை எந்தப் படகும் ஏற்றாது. கம்பெனிகள் அவன் பையைத் தொடாது. கோம்போ தெற்கிலிருந்து திரும்பி வந்து கரையில் கால் வைத்த இடத்திலேயே தலைவர் அவனுடைய மீன்பிடி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார், விசாரித்து முடிவாகும்வரை. முங்குவதைத் தவிர வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

முதலில் கடைக்கு வந்தவள் கோம்போவின் மனைவி மிஷி. துறையில் மஹம்ரிப் பலகாரம் சுட்டு விற்கிறவள். கையில் மாவு காயாமல் வந்து வாசலில் நின்றாள்.

"என்ன ஃபமாவ், கன்னத்துல கத்தி வெக்கிறவன் கழுத்துல வெக்க ஆரம்பிச்சிட்டியா?"

"குழு விசாரிக்கட்டும், அண்ணி. என் மேல தப்புன்னா..."

"அண்ணியாம்! எங்க வீட்டுல தின்ன சோறுக்குக் கணக்கு கெடையாது, இப்ப வந்து அண்ணி. உன் மீனுக்கு வயித்தால போச்சுன்னா என் புருஷன் பொழப்பு போகணுமா? வர்ற வெள்ளிக்கெழம, ஜும்மா தொழுகைக்கு முன்னாடி, பெஞ்சு நெறஞ்சிருக்குற நேரத்துல அவர் இங்க வருவாரு. கடைய மூடிட்டு ஓடிடாத."

ஃபமாவ் மூடவில்லை. கோம்போ வந்தான், பின்னால் மிஷி. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள், அவன் உட்காரவில்லை.

"துணிய எடு. பூட்டத் தொற."

"எதுக்கு?"

"என் மீனப் பாக்கணும்."

"உன் மீனா? என் மீனு."

"செத்ததெல்லாம் என் மீனுன்னு குழுவுல சொன்னியாமே. உசுரோட இருக்குறது மட்டும் உன் மீனா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஃபமாவ் திறந்தான். உள்ளே ஒரே ஒரு நீல மீன், நிறம் மங்கி, பாறைக்கு அடியில் நின்றது. கோம்போ தண்ணீரில் கையை விடப் போனான். ஃபமாவ் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கையில என்ன? விரி."

கோம்போ அவனையே பார்த்துக்கொண்டு விரலை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினான். ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு விரலை நனைத்து நாக்கில் வைத்தான். மறுபடி நனைத்து வைத்தான். வாசலில் துப்பினான்.

"இது எந்த ஊர் கடல்டா? பெரியவரே, நீங்க வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. ஆனால் அது எங்கள் வீட்டில் துணி அலசும் தண்ணீரின் லேசான கரிப்பு.

"இந்தத் தண்ணி யாரு கொண்டாந்தது?"

"தோயா" என்றான் ஃபமாவ்.

மிஷி வாசலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டாள். வேப்பமரத்தடியில் கைவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த தோயா, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"மீனுக்குன்னு கொண்டாந்தியே, அந்தத் தண்ணி எங்க புடிச்ச?" என்றாள் மிஷி.

"உப்புத் தண்ணியா? எப்பவும் புடிக்குற எடந்தான். கோழிக்கடைக்குப் பின்னாடி கெணறு."

பெஞ்சு சிரிப்பில் வெடித்தது. "அதான் சாவுறப்போ கொக்கரிச்சுதுங்க!" என்று ஒருவன் தொடையில் அடித்துக்கொண்டான்.

ஃபமாவ் தோயாவின் சட்டையைப் பிடித்தான். "கடல் மீனுக்குக் கெணத்துத் தண்ணியாடா கொடுத்த? யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு? தாஹாவா?"

"நீங்க என்ன கேட்டீங்க? உப்புத் தண்ணி. இந்தத் தெருவுல எல்லாரும் உப்புத் தண்ணி கேக்குறாங்க. தரை தொடைக்க, குளிக்க, துணிக்கு. எல்லாருக்கும் அந்தக் கெணறுதான். கடல் தண்ணின்னு கேட்டிருந்தா, அந்த மேட்டுல நான் வண்டி தள்ள மாட்டேன்னு அன்னிக்கே சொல்லிருப்பேன்."

"நான் தொட்டியில ஊத்துறத நின்னு பாத்தியே!"

"பாத்தேன். மீனக் குளிப்பாட்டுறீங்கன்னு நெனச்சேன்."

ஃபமாவ் அவனை விட்டுவிட்டுக் கோம்போவிடம் திரும்பினான். "நீ சொன்னதுதானே? உப்புத் தண்ணின்னு நீதானே சொன்ன? பெரியவர் இருந்தாரு. கேளு அவர!"

என்னைக் கேட்டார்கள். கோம்போ சொன்ன சொல் அதுதான் என்று சொன்னேன். 'கடல்' என்ற சொல்லை அவன் அன்று சொல்லவில்லை.

கோம்போ என்னை ஒரு பார்வை பார்த்தான். "படகுல இருக்குறவன் உப்புத் தண்ணின்னா கடலத்தான் சொல்லுவான். நீ தீவுல பொறந்தவன். உனக்கு இதை வெளக்கணுமா?"

"பொறந்தது தீவு. தரை தொடைக்குறது இங்க" என்றான் ஃபமாவ்.

"என் வீட்டுலயும் உப்புத் தண்ணி கொண்டான்னு சொன்னா, நானும் குளியலறை வாளியத்தான் தூக்குவேன்" என்றாள் மிஷி, நியாயத்துக்காக. கோம்போ அவளை முறைத்தான். "என்னை ஏன் மொறைக்கிறீங்க? அவன் முட்டாள்தனத்துக்கு அவனத் திட்டுங்க. உங்க முட்டாள்தனத்துக்கு நான் வீட்டுல திட்டிக்குறேன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் முடிந்திருக்கும். ஃபமாவ் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தண்ணி தப்புன்னு ஒத்துக்குறேன். ஆனா தண்ணி தப்புங்கறதால மீன் நல்ல மீனுன்னு ஆயிடாது. ரெண்டும் சேந்து இருந்திருக்கலாம்ல?"

வாதத்தில் ஓட்டை இல்லை. நீதிமன்றத்தில் இதைவிட மோசமான வாதங்கள் ஜெயித்ததைக் கேட்டிருக்கிறேன். கோம்போ குனிந்து பாறைக்கு அடியில் நின்ற மீனைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"ஒண்ணு மிச்சம் இருக்குல்ல. தண்ணிய நான் மாத்துறேன். ஒரேயடியா மாத்தினா செத்துடும், தெனம் கொஞ்சமா. விஷ மீனா இருந்தா எந்தத் தண்ணியிலயும் பொழைக்காது. பொழைச்சா?"

தலைவரிடம் போனார்கள். அடுத்த பிறை வரை மீன் நன்றாக இருந்தால் அட்டையைத் திருப்பித் தருவதாக அவர் சொன்னார். ஆக, கோம்போவின் பிழைப்பு ஒரு விரல்நீள மீனின் மேல் ஏறி உட்கார்ந்தது.

ஃபமாவ் மீனைக் கூர்ந்து பார்த்தான். செத்துப்போன கூட்டாளிகளில் ஏதோ ஒன்று அதன் வால் மூலையை நிலாத்துண்டு மாதிரி கடித்து எடுத்திருந்தது. "இதான் அடையாளம். எல்லாரும் பாத்துக்குங்க. இது செத்தா வேற ஒண்ண உட்டுட்டுப் போயிடலாம்னு பாக்காத."

"நீ சாவடிச்சுட்டு என் மேல போடலாம்னு பாக்காத" என்றான் கோம்போ.

தொட்டிப் பூட்டின் சாவி என்னிடம் வந்தது. கடைச் சாவியைக் கோம்போ மேசைமேல் வைத்துவிட்டான். ஃபமாவ் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். தினமும் காலையில் நான் மூடியைத் திறப்பேன். ஒரு பக்கம் கோம்போ, மறுபக்கம் ஃபமாவ். கோம்போ பாறைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை ஃபமாவ் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பான், பிறகு முகர்வான், பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் உள்ளே போகும். அவன் கண் தண்ணீரிலும் கோம்போவின் கையிலும்தான் இருந்தது. மிஷி மஹம்ரிக் கூடையைத் துறையிலிருந்து கடை வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். வியாபாரம் நன்றாக நடந்தது என்றாலும் அவள் கண் தொட்டிமேலேயே இருந்தது. ஊரில் பாதிப் பேர் வேலைக்குப் போகும் வழியில் மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். தாஹாகூடத் தெருவைக் கடந்து வந்து நின்றான். "என் டிவியில இவ்ளோ பரபரப்பு இல்ல" என்றான்.

"நீ எதுக்கு வந்த?" என்றான் ஃபமாவ்.

"உன் கடையில இருக்குற என் வாடிக்கைக்காரங்களப் பாக்க வந்தேன்."

மீன் பாறைக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தது. கோம்போ இறாலை நுணுக்கிப் போட்டதில் ஒன்றிரண்டு துணுக்கை வாயில் வாங்கித் துப்பியது. சில நாள் கழித்துத் துப்பவில்லை. மங்கின நீலம் ஏறத் தொடங்கியது. கோம்போ சவரம் செய்துகொள்ளாமல் இருந்தான். தாஹாவிடமும் போகவில்லை. தாடி அவன் முகத்தை வேறு ஆளாக்கிக்கொண்டிருந்தது.

பிறைக்கு முந்தின காலை நான் மூடியைத் திறந்ததும் ஃபமாவ் கத்தினான்.

"வால் எங்க? கடிபட்ட எடம் எங்க? மாத்திட்டான்! வல்லாஹி, சத்தியமா மீன மாத்திட்டான்!"

உண்மைதான். வால் முழுசாக இருந்தது. ஓரத்தில் துண்டு இல்லை. மீன் பளபளவென்று நீந்திக்கொண்டிருந்தது. மிஷி கூடையை விட்டுவிட்டு எழுந்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ தலைவரைக் கூட்டிவந்தார்கள்.

"மீனுக்கு வால் வளரும்" என்றான் கோம்போ. "சொகமா இருந்தா வளரும்."

"வளரும்! இன்னும் ஒரு வாரம் உட்டா ரெக்க மொளைச்சுப் பறந்துரும்!"

கூட்டத்திலும் சிலர் தலையை ஆட்டினார்கள். அடையாளம் என்று ஃபமாவ் அன்று காட்டியது இப்போது மீனில் இல்லையே என்பது அவர்கள் கணக்கு. எனக்கே அன்று அது கோம்போவுக்குக் கெட்ட காலை என்று தோன்றியது. தலைவர் என்னைப் பார்த்தார். "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு, பெரியவரே. நீங்க சொல்லுங்க."

பார்த்ததைச் சொன்னேன். "நான் தெனம் காலையில வாலத்தான் மொதல்ல பாத்தேன். ஒவ்வொரு காலையும் அந்தத் துண்டு முந்தின நாளவிடச் சின்னதா இருந்துச்சு. ஓரத்துல நெறமில்லாம, கண்ணாடி மாதிரி ஒரு தோல் மொதல்ல வந்துச்சு. அப்புறம் அதுல நீலம் ஏறுச்சு. நேத்து ஊசிமுனை அளவு மிச்சம். இன்னிக்கு இல்ல. நான் பாக்குறப்போ யாரும் கைய உள்ள விடல. நான் பாக்காதப்போ சாவி எங்கிட்ட இருந்துச்சு. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?" என்றான் ஃபமாவ்.

"நீ என்னைக் கேக்கல."

"நீங்க யாரு பக்கம்?"

"வால் பக்கம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபமாவ் குனிந்து கண்ணாடியில் நெற்றியை வைத்து வெகுநேரம் பார்த்தான். மீன் அவன் முகத்துக்கு நேராக வந்து நின்று, இறால் துணுக்கு வரும் என்று வாயைத் திறந்து மூடியது. விஷம் தின்ற மீன் இத்தனை நாளைக்குப் பிறகு வால் வளர்க்காது என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவன் நெற்றியின் ஈரம் ஒட்டியிருந்தது.

"அதே மீன்தான்" என்றான்.

தலைவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். கோம்போ கையை நீட்டவில்லை.

"குழுவுல போய்ச் சொன்னான். குழுவுல வந்தே அந்தப் பேச்சத் திருப்பி எடுத்துக்கட்டும். அப்புறம் அவன் கடையிலயும் சொல்லணும். வெள்ளிக்கெழம, பெஞ்சு நெறஞ்சிருக்குறப்போ. அப்புறம் வாங்கிக்குறேன்."

ஃபமாவ் குழுவில் போய்ச் சொன்னான். நான் கூடப் போகவில்லை. சொன்னான் என்று தலைவர் சொன்னார். வெள்ளிக்கிழமை கடையில் சொன்னதை நான் கேட்டேன். கத்தியைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து நின்று சொன்னான்:

"கோம்போ விஷம் வெக்கல. நான் சொன்னது தப்பு. என் மீனக் கொன்னது நான் கேட்டு வாங்குன தண்ணி."

பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தவன், முன்பு பை கட்டும் வேலை செய்த அதே ஆள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டான்: "இப்படிச் சொல்றதுக்குக் கோம்போ எத்தன மீன் கொடுத்தான்ணே?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஃபமாவ் வாயைத் திறந்தான். தான் வாங்கவில்லை என்பதை எதை வைத்துக் காட்டுவது என்று அவன் தேடுவது முகத்தில் தெரிந்தது. காது மடல் வரை சிவந்துபோய், "ஒண்ணும் கொடுக்கல" என்று மட்டும் சொன்னான். அந்த ஆள், நம்பிவிட்டதாகப் பெரிதாகத் தலையை ஆட்டினான்.

கோம்போ வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தலைவரிடமிருந்து அட்டையை வாங்கி மிஷியிடம் கொடுத்தான். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தாடிய எடு."

ஃபமாவ் புதுத் துண்டு எடுத்துக் கழுத்தில் கட்டினான். நுரை அடித்தான். கத்தியைத் தோல்வாரில் தீட்டினான், தேவைக்கு அதிகமாக. அந்த நாற்காலியில் தலையைச் சாய்த்ததும் அநேகமாக எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள், நான் உட்பட. கோம்போ மூடவில்லை. கத்தி கன்னத்திலிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து தொண்டைக்கும் இறங்கிய நேரமெல்லாம் கண்ணாடிக்குள் ஃபமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்ப்பதை ஃபமாவும் பார்த்தான். கத்தியை ஒருமுறை துடைத்துவிட்டு, மறு கன்னத்துக்கு நுரை தடவத் தொடங்கினான்.